ரம்பம் பார்த்த நெஞ்சு

ஜூலை மாதத்து வெயில். அம்மான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் தார் இளகிக் கிடக்கிறது. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெறுங்காலோடு, சூடு பொறுக்காமல் கால் மாற்றிக் கால் வைத்துத் துள்ளிக்கொண்டே தன் காரை நோக்கிப் போகிறார். அவருடைய தோல் செருப்பு மேல்மாடியில், நுரையீரல் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் வேன் டிரைவர் நவ்ஃபானின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதை அங்கே வைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நவ்ஃபானிடம்கூட. ஜன்னலோரம் நின்ற நவ்ஃபானின் மனைவி ஃபித்தா அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டதால்தான் நமக்கே தெரியும்.

இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. இனிமேல் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசப்போவது எதுவும் இவ்வளவு அழகாக இருக்காது.

அவர் பெயர் அபூ மித்கால். ஊர் கராக். இனம், தழும்புக்காரர்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உறவில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். உறவில் யாரும் படுக்கவில்லையென்றால் உறவின் உறவைத் தேடிப் போவார். அதுவும் இல்லையா? போகிற வழியில் எந்த வார்டின் கதவு திறந்திருக்கிறதோ அங்கே நுழைவார். "சுகமானதுக்கு அல்லாஹ்வுக்கே புகழ்!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நோயாளிக்காக வந்த சாக்லேட் பெட்டியைத் திறந்து, இனிப்பு உடம்புக்கு ஆகாது என்று நோயாளியை எச்சரித்து, அந்த ஆபத்தைத் தானே ஒவ்வொன்றாக வாயில் போட்டு ஒழிப்பார். ஊசிக் குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுவார். ஏன் தட்டுகிறார் என்று அவருக்கும் தெரியாது. குழாய்க்கும் தெரியாது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, சட்டைப் பொத்தானில் கை வைப்பார்.

அவ்வளவுதான். நீங்கள் தொலைந்தீர்கள்.

பெரிய பனி பெய்த வருஷத்தில் அபூ மித்காலுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. அடைத்துப்போன ரத்தக்குழாய்களுக்கு மாற்று வழி போட்டார்கள். கழுத்துக் குழியிலிருந்து வயிற்று மேடு வரைக்கும் ஒரே கோடு. மாற்று வழிக்குக் காலிலிருந்து குழாய் எடுத்ததால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இன்னொரு கோடு. மேல்கோட்டைப் பார்த்து வாயடைத்துப் போகாதவர்களுக்குக் கீழ்க்கோட்டையும் காட்டுவார்.

"ரம்பம்!" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். நோயாளியின் முகம் வெளுக்க வேண்டுமே, அதற்கு. "மரம் அறுக்கிற மாதிரி நடு நெஞ்சை அறுத்தாங்க தம்பி. இதயத்தைக் கையில எடுத்தாங்க. அது நின்னுபோச்சு. நான் செத்துட்டேன். மெஷின் எனக்காக மூச்சு விட்டுச்சு. அப்புறம் அல்லாஹ் திருப்பிக் கொடுத்தான்."

"வலிச்சுதா ஹாஜியாரே?"

"வலியா?" சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அம்மான் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருப்பார்.

நவ்ஃபான் கதைக்கு வருவோம். கராக்கிலிருந்து அம்மானுக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கில் ஒரு கையும் சிகரெட்டில் ஒரு கையுமாக வாழ்ந்தவன் அவன். நுரையீரலின் அடியில் ஒரு சின்ன உருண்டை இருப்பது படத்தில் தெரிந்தது. நல்லவேளை, முளையிலேயே தெரிந்தது. டாக்டர் சுஹா என்று ஒரு பெண்மணி, குரல் மெதுவானது, கை அதைவிட மெதுவானது. விலாவில் மூன்று துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். விலா எலும்பில் ஒன்றைக்கூட அசைக்கவில்லை.

மறுநாளே அபூ மித்கால் வந்துவிட்டார். பெருமூச்சு, பொத்தான், ரம்பம் எல்லாம் முறையாக நடந்தன. பிறகு, "எங்கே, உன்னுதைக் காட்டு" என்றார்.

நவ்ஃபான் சட்டையைத் தூக்கினான். மூன்று பிளாஸ்திரி.

அபூ மித்கால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். "மீதி எங்கே?"

"இவ்வளவுதான் ஹாஜியாரே."

"இது கொசுக்கடி மகனே." குரலில் இரக்கம். ஏமாந்துபோன பிள்ளையிடம் பேசுகிற இரக்கம். "உள்ளே ஏதாவது பண்ணினாங்களா, இல்ல சும்மா தூங்க வச்சு எழுப்பிட்டாங்களா? போகட்டும். இனிமே நான் சொல்றதைக் கேளு. அசையாதே. இருமாதே. தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்கோ. சிரிக்கவே கூடாது. நான் ஒரு மாசம் கட்டிலை விட்டு இறங்கலை, தெரியுமா?"

"நேத்து சாயங்காலமே நடக்கச் சொன்னாங்களே…"

"சொல்லுவாங்க. கட்டில் காலியாகணும்ல."

மேஜை மேல் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. குழாயில் மூச்சை இழுத்தால் பந்து ஒவ்வொன்றாக மேலே ஏறும். நுரையீரல் நன்றாக விரிவதற்கான பயிற்சி அது, மணிக்கொரு தரம் செய்ய வேண்டும். அபூ மித்கால் அதைக் கையில் எடுத்துக் குலுக்கினார்.

"இது என்ன?"

"மூச்சு இழுக்கிறது."

"என் பேத்திக்குப் பெருநாளைக்கு வாங்கிக் கொடுத்தது இதைவிடப் பெரிசு. நாலு பிள்ளைக்குத் தகப்பன், உட்கார்ந்து பந்து விளையாடுறியா?"

நவ்ஃபானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாடி வைத்த ஆண்பிள்ளை. அவர் போனதும் டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். இருமல் வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டான். பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசாதது கராக் வளர்ப்பு. அந்த வளர்ப்பு எவ்வளவு ஆழமானதென்றால், அடுத்த நாள் காய்ச்சல் அடித்து, மார்பில் சளி கட்டிக்கொண்டு, மூச்சு விசில் அடித்தபோதும் அவன் காரணத்தைச் சொல்லவில்லை. தலையணையைத் தட்டிப்போட வந்த ஸிஸ்டர் அபீரின் கையில் பந்து டப்பா கிடைத்த பிறகும் சொல்லவில்லை. ஃபித்தா சொன்னாள்.

"யாருன்னா கேக்குறீங்க? இதோ வர்றாரே, அவர்தான்!"

அபூ மித்கால் சாக்லேட் பெட்டியைக் கண்ணால் தேடிக்கொண்டே உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். ஸிஸ்டர் அபீர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"ஹாஜியாரே, உங்க தழும்புக்கு என் தலை மேல மரியாதை. ஆனா இவர் நுரையீரல்ல இருக்கிற சளிக்கு அந்த மரியாதை தெரியலையே! இருமினாத்தான் அது வெளியே வரும். நடந்தாத்தான் மூச்சு விரியும். வலிக்காம இருமத்தானே மருந்து போட்டிருக்கோம்? இன்னிக்கு இவர் எழுந்து நடக்கலைன்னா, திரும்ப ஐசியூவுக்குத்தான் கொண்டு போகணும்."

"நடக்கிறேன் ஸிஸ்டர்" என்று முனகினான் நவ்ஃபான். "செருப்பு இல்லை. யாரோ தொழுகைக்குக் கைகால் கழுவ, உளூ செய்யப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. தரை சில்லுனு இருக்கு."

சாக்குதான். நடக்கப் பயம். வார்டே அபூ மித்காலின் வாயைப் பார்த்தது. அவர் திறக்கவில்லை. முதல் தடவையாகச் சட்டைப் பொத்தான் மூடியபடியே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, நவ்ஃபானின் நெஞ்சு விசிலடிப்பதைக் கொஞ்ச நேரம் குனிந்து கேட்டார். "அசர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். அவர் போன பிறகுதான் ஃபித்தா ஜன்னலோரம் நின்று துள்ளலைப் பார்த்தாள். கட்டிலுக்கடியிலும் பார்த்தாள்.

நவ்ஃபான் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஸிஸ்டரின் தோளைப் பிடித்தபடி நடைவழியின் கடைசிவரை போனான். வழியெல்லாம் இருமினான். திரும்பி வந்து பந்தை ஏற்றினான். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அடுத்த வாரம் புதுச் செருப்போடு அபூ மித்கால் வந்தார். நவ்ஃபான் நடப்பதைப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"நான் சொன்னபடியே நடந்தியா? அதான் தேறிட்டே."

நவ்ஃபான் செருப்பைப் பற்றி வாயைத் திறந்தான். அவர் சாக்லேட் காகிதத்தைச் சரசரவென்று பிரித்து, அந்தப் பேச்சை அப்படியே அமுக்கிவிட்டார்.

குளிர்காலம் போய்ப் பாதாம் பூத்த சமயத்தில், நம் தழும்புக்காரர் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது. ரம்பத்துக்குப் பிறகு விடும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மெருகு கூடுகிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மூச்சு வாங்குவதாம் அது. மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தரம் நின்று, சுவரில் மாட்டியிருந்த படங்களை ரசிக்க ஆரம்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், தொழுகை வரிசையிலேயே மயங்கிச் சரிந்தார்.

டாக்டர் சுஹாதான் பார்த்தார், நுரையீரலைப் போல இதயமும் அவர் துறைதான். பழைய மாற்றுக் குழாய்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. மாற்றாமல் விட்டால் அடுத்த மயக்கத்தில் எழுந்திருப்பாரா என்று உறுதியில்லை.

"மாத்துங்க" என்றார் அபூ மித்கால். உடனே பொத்தானைக் கழற்றிவிட்டார். "கோடு ஏற்கெனவே இருக்கு. அதே கோட்டுல போங்க."

"நெஞ்சைத் திறக்க வேண்டாம் ஹாஜியாரே. இந்த வயசுல ரெண்டாம் தடவை திறக்கிறது ஆபத்து. தொடையில ஒரு சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாவே புது வால்வைச் சுருக்கிக் கொண்டுபோய், பழசுக்குள்ள வச்சு விரிச்சுடுவோம். மாட்டோட இதயத்தை மூடியிருக்கிற சவ்வுல செஞ்சது. மறுநாள் நடக்கலாம்."

"மாடு ஹலாலா அறுத்ததா?"

"அதை நீங்க சாப்பிடப் போறதில்லையே."

"தழும்பு?"

"தழும்பே இருக்காது!" என்றார் டாக்டர் சுஹா சந்தோஷமாக. பாவம், அவருக்கு இந்த இனத்தைப் பற்றித் தெரியாது.

அபூ மித்கால் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வீட்டுக்கு முன்வாசல் இருக்கு. ஒரு தடவை திறந்தும் பாத்தாச்சு. சாக்கடைக் குழாய் வழியா ஏன் வரணும்? ரம்பம் எடுக்குறதா இருந்தா சொல்லுங்க, வர்றேன். இல்லைன்னா அல்லாஹ் விட்ட வழி."

மகன்கள் சொன்னார்கள். மருமகன்கள் சொன்னார்கள். பள்ளிவாசல் இமாம் சொன்னார். ம்ஹூம். கடைசியில் அவர் மனைவி உம் மித்கால் நவ்ஃபான் வீட்டுக்கு வந்து, வைத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குச் சாவுக்குப் பயமில்லைப்பா. ரம்பம் இல்லாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, இத்தனை நாள் சொன்னதெல்லாம் செல்லாமப் போயிடுமோன்னுதான் பயம். ராத்திரி மூணு தலையணை வச்சு உட்கார்ந்துக்கிட்டே தூங்குறார். மூச்சு நின்னுடுச்சோன்னு நான் கை வச்சு வச்சுப் பாக்குறேன்." முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "நீ சொன்னா கேப்பாரா?"

தான் சொன்னால் கேட்கமாட்டார் என்று நவ்ஃபானுக்குத் தெரியும். மூன்று கொசுக்கடிக்காரன் பேச்சை யார் கேட்பது? ஆனால் அவனுக்கு வேறொன்று தோன்றியது.

கராக்கில் பெரிய காரியம் ஒன்றை ஒருவரிடம் கேட்க வேண்டுமானால் கூட்டமாய்த்தான் போவார்கள். பெண் கேட்கவும் அப்படித்தான், பகை தீர்க்கவும் அப்படித்தான். வீட்டுக்காரர் காபி கொடுப்பார். கூட்டத்தின் மூத்தவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். வந்தவர்கள் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள் என்ற பெயர் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்காரர் சந்தைக்குப் போக முடியாது.

நவ்ஃபான் தன் வேனை எடுத்தான். அபூ மித்கால் யார் யார் கட்டிலில் எல்லாம் உட்கார்ந்து சாக்லேட் தின்றாரோ அவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய் ஏற்றினான். நெஞ்சு திறந்தவர்கள், துளை போட்டவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள். மூத்தவர் கசாப்புக்கடை அபூ ஃபவ்வாஸ். நாளெல்லாம் ஆட்டை அறுக்கிற அந்த மனிதர், அபூ மித்காலின் ரம்பக் கதையைக் கேட்டு வார்டிலேயே மயங்கி விழுந்தவர். "ஒரு விஷயமா வர்றோம்" என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுப்பினார்கள்.

அபூ மித்காலுக்குக் கடைசி மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு இருந்தாள். நவ்ஃபானுக்கோ, பல் மருத்துவம் படித்த தம்பி ஒருவன் இருந்தான். பிறகு கேட்பானேன்? அவர் சலவை அங்கியும் தங்கக்கரை போட்ட மேலங்கியும் அணிந்து, மூச்சிரைப்பை மறைத்துக்கொண்டு, வாசலில் நின்று வரவேற்றார். விருந்தறையில் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபி வந்தது. அபூ ஃபவ்வாஸ் கிண்ணத்தை வாங்கி, அப்படியே தரையில் வைத்தார்.

"அபூ மித்கால், உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கோம்…"

அபூ மித்கால் கையை உயர்த்தினார். எத்தனை விருந்தறைகளில் இந்தத் தருணத்தைப் பார்த்திருப்பார்! பெரிய மனிதர்கள் கேட்கும் முன்பே கொடுப்பார்கள் என்று எத்தனை பேருக்குப் பாடம் சொல்லியிருப்பார்!

"காபியைக் குடிங்க அபூ ஃபவ்வாஸ். என்ன கேட்டு வந்தீங்களோ, கொடுத்தாச்சு. என் தாடி மேல ஆணை, கொடுத்தாச்சு."

"கேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"கேட்டு வாங்கினா அது கொடையா?"

அபூ ஃபவ்வாஸ் ஒரே மடக்கில் குடித்தார். கூட்டமே குடித்தது. சிலர் பதற்றத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள். பிறகு அபூ ஃபவ்வாஸ் முழங்கையால் நவ்ஃபானை இடித்தார். "நீயே சொல்லுடா."

நவ்ஃபான் காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஹாஜியாரே… கோவிச்சுக்காதீங்க. நாங்க உங்க பொண்ணைக் கேட்டு வரலை."

"பின்னே?"

"உங்க தொடையைக் கேட்டு வந்தோம்."

திரைக்குப் பின்னால் அந்த மகள்தான் முதலில் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்ட சத்தமும் கேட்டது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. அபூ மித்காலின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. காலியான கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலாவது ஒரு வாய் மிச்சம் இருக்காதா? இல்லை. பாவிகள் வண்டல்வரை குடித்திருந்தார்கள்.

"ஏமாத்திட்டீங்க."

"ஆமா ஹாஜியாரே" என்றான் நவ்ஃபான். "நான் மூச்சு விட முடியாமக் கிடந்தப்போ நீங்க குனிஞ்சு என் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டீங்க. இப்ப உங்க நெஞ்சுச் சத்தம் இந்த அறைக்கே கேக்குது."

உண்மையாகவே கேட்டது.

அவர் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஆணையிட்ட தாடியாயிற்றே. "எந்தத் தொடை?" என்று கேட்டார் கடைசியில்.

ஆபரேஷன் சிறப்பாக நடந்தது. அவருக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, இடுப்படியில் மரத்துப்போக ஊசி போட்டு, லேசாக அசத்தி வைத்தார்களாம். மற்றவர்கள் அதில் கண் செருகிக் கிடப்பார்கள். இவர் ஆரம்பம் முதல் முடிவு வரை பேசினார். திரையில் தன் இதயம் துடிப்பதைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்றாராம். டாக்டர் சுஹா வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, உம் மித்காலிடம் சொன்னார்: "வால்வு பிரமாதமா வேலை செய்யுது. ஆனா அடுத்த தடவை நிச்சயமா முழு மயக்கம்தான்."

மறுநாள் நடந்தார். மூன்றாம் நாள் படியேறினார், சுவர்ப் படங்களை ரசிக்காமல். ஆனால் அவருடைய துயரத்தை நினைத்துப் பாருங்கள். துளை இருந்த இடம், மானமுள்ள ஒரு மனிதர் மனைவிக்கும் மருத்துவருக்கும் தவிர யாருக்கும் காட்டக்கூடாத இடம். பொத்தான் வரை போன கை வழியிலேயே நின்றுவிடும். ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தார்.

ஒரு மாதம்தான். இந்த இனம் அவ்வளவு லேசில் அழியாது. இப்போது அவர் புதிதாக நெஞ்சு திறந்தவர்களின் கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் தழும்பைப் பார்த்து, சூள் கொட்டுகிறார். "திறந்துட்டாங்களா? அடடா. நம்மளைப் பாரு, மறுநாளே நடந்தேன். முழிச்சிருந்து நான் சொல்லச் சொல்லத்தான் அந்த டாக்டர் பொண்ணு வால்வை வச்சா." பிறகு மூன்று பந்து டப்பாவை எடுத்து நோயாளியின் கையில் திணித்து, "இழு, இழு, இன்னும் இழு" என்று உயிரை எடுக்கிறார். ஸிஸ்டர் அபீருக்கு அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா, கதவைப் பூட்டலாமா என்று புரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக ஒரு நோயாளியைப் பார்க்கப் போனீர்களே, அவர் தன் வலியைச் சொல்ல ஆரம்பித்து எவ்வளவு நேரத்தில் உங்கள் பித்தப்பைக் கல் பேச்சில் வந்து விழுந்தது? உங்களுக்குக் கல் இல்லையென்றால் உங்கள் மாமியாரின் முழங்கால்? நோயாளிக்கென்று வாங்கிப்போன ஆப்பிளை யார் தின்றது? போகட்டும். அல்லாஹ் எல்லோருடைய தழும்பையும் அறிந்தவன். போகும்போது செருப்பை விட்டுவிட்டு வரத் தெரிந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் மன்னிக்கப்படும்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: வால்வு வைத்து முடிந்ததும் அபூ மித்காலை ஆஸ்பத்திரியிலிருந்து கராக்குக்கு நவ்ஃபான்தான் தன் வேனில் அழைத்து வந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும், துணிப்பையிலிருந்து அந்தப் பழைய தோல் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தான். பாலிஷ் போட்டிருந்தான். அவர் அதைப் பார்த்தார். போட்டுக்கொண்டார். அது யாருடையது, எப்படி வந்தது என்று எதுவும் கேட்கவில்லை. வாசலில் அண்டைவீட்டுக்காரர்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். அவர் நவ்ஃபானின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகச் சொன்னார்:

"யாராவது கேட்டா, சின்னதா ஒரு ரம்பம் இருந்துச்சுன்னு சொல்லிடு."

"நான் பொய் சொல்ல மாட்டேன் ஹாஜியாரே."

"சரி, பொய் வேண்டாம். நீ சும்மா நில்லு. பக்கத்துல நின்னு, கொஞ்சம் வருத்தமா இருமு."